வேகக் கட்டுப்பாட்டை இழந்து...

பத்திரிகைப் பணியில் நான் அதிக தடவை எழுதிய வாக்கியம் எதுவென்று எவராவது கேட்டால் தயங்காமல் பதில் சொல்வேன். "வேகக் கட்டுப்பாட்டை இழந்த வாகனம் வீதியை விட்டு விலகி..." என்று தொடங்கும் வாக்கியமே அது. பொலிஸ் நிலையத்திலிருந்து தொலைபேசியில் தகவல் வரும். இடம், நேரம், இறந்தவர் வயது, ஆஸ்பத்திரியின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வோம். மீதியை அந்த வாக்கியம் தானாகவே எழுதிக்கொள்ளும். கட்டுப்பாடு எவ்வாறு இழக்கப்பட்டது என்று நான் ஒரு நாளாவது பொலிஸாரிடம் கேட்டதில்லை. அச்சுக்குப் போகும் நேரம் நெருங்கிவிட்டது என்பது எப்போதும் கைவசம் இருந்த நல்ல சாட்டு.

அந்தக் கேள்வியை நான் முதன்முறையாகக் கேட்டது 2018 ஆகஸ்டில், கனடாவில் சுப்பீரியர் ஏரிக் கரையோரம் செல்லும் 17 ஆம் இலக்க நெடுஞ்சாலையில். அதுவும், கட்டுப்பாட்டை இழந்துகொண்டிருந்த ஒரு வாகனத்தின் முன் ஆசனத்தில் இருந்தபடி.

என் மனைவியின் தம்பி ரொறன்ரோவில் வசிப்பவர். இருபத்தைந்து ஆண்டுகள் இரண்டு வேலை செய்தவர். பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டுப் போவதற்கு முன் அவர்களுக்கு நாட்டைக் காட்டவேண்டும் என்ற ஆசையில், பாவித்த மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கியிருந்தார். அறியாத வாசகர்களுக்காகச் சொல்கின்றேன். வானின் முன்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் நீளும் இரும்புச் சட்டகத்தின் மேல் படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் கொண்ட ஒரு சிறு வீட்டைக் கட்டிவிடுகின்றார்கள். இவருடையது ஏறக்குறைய 9 மீற்றர் நீளம். கடைசி அச்சுக்கு அப்பாலும் வீடு நெடுந்தூரம் நீண்டுகொண்டு போகும்.

வாங்கிய நாள் முதலாக அந்த வாகனம் நேராக ஓடவில்லை. இடப்பக்கம் இழுக்கும், திருத்தினால் வலப்பக்கம் போகும். வெறிகாரன் வீட்டுக்குப் போவது போன்ற ஓட்டம். பெரிய லொறி ஒன்று முந்திச் சென்றால், அதன் முன்புறக் காற்று எங்களைத் தள்ளும். அது கடந்த மறுகணம் உள்ளே இழுக்கும். மைத்துனர் ஒரு திருத்தகத்துக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்தவர்கள் வாகனத்தை நிறுக்கவில்லை. அடியில் படுத்துப் பார்க்கவுமில்லை. சுக்கானை நடுநிலைக்கு இழுத்து வைத்திருக்கும் வில் பொருத்திய ஒரு தணிப்பானை ஆயிரம் டொலருக்கு மேல் வாங்கிப் பூட்டி அனுப்பிவிட்டார்கள்.

"இப்ப பரவாயில்லை அத்தான். பெரிய வாகனம் எண்டால் இப்பிடித்தான் ஓடுமாம்" என்றார் அவர், ரொறன்ரோவிலிருந்து புறப்படும்போது.

இந்த "இப்படித்தான் ஓடும்" என்ற சொல்லைக் குறித்தே இன்று எழுத விரும்புகின்றேன்.

முதல் நாள் சட்பரி வழியாகச் சூ செயின்ட் மரி வரை சென்றுவிட்டோம். ஏறக்குறைய 700 கிலோமீற்றர். மைத்துனரின் தோள்பட்டைகள் கல்லாகியிருந்தன. மறுநாள் வாவாவை நோக்கிச் செல்கையில், ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்தது. பாதை இரு வழி, நடுவில் மஞ்சள் கோடு மட்டும். எதிரே மரக்குற்றிகள் ஏற்றிய லொறி ஒன்று வந்தது. காற்றுத் தள்ளியதும் மைத்துனர் சுக்கானைத் திருப்பினார். வாகனம் ஒரு கணம் எதுவும் செய்யவில்லை. பின்னர் அவர் திருப்பியதை விட அதிகமாகத் திரும்பியது. முன்சில்லு மஞ்சள் கோட்டைத் தாண்டியதை நான் கண்டேன். லொறியின் ஹோர்ன் ஒலி எங்கள் பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. பின்னால் மேசையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவன், "என்னப்பா?" என்று கேட்டான். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அடுத்த ஒதுக்கிடத்தில் நிறுத்தியபோது எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு லொறியும் நின்றது. சாரதி ஒரு சீக்கியர், வயதானவர். எங்கள் வாகனத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பின்புறப் பெட்டிகளின் கதவுகளைத் திறந்து பார்க்கச் சொன்னார். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இதை எப்போது நிறுத்தீர்கள்?"

நாங்கள் நிறுக்கவேயில்லை.

மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் சூ செயின்ட் மரிக்குத் திரும்பினோம். லொறிகள் தரிக்கும் இடமொன்றில், முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுக்கும் எடைமேடை இருந்தது. சாரதிக் கதவின் நிலையில் ஒட்டியிருந்த தகட்டின்படி, முன் அச்சு தாங்கக்கூடியது 5,000 இறாத்தல். பின் அச்சு 9,600. முழு வாகனம் 14,500. எடைச்சீட்டிலோ முன் அச்சில் 3,780 இறாத்தலும் பின் அச்சில் 9,900 இறாத்தலும் இருந்தன. மொத்தம் 13,680. மொத்தத்தைப் பார்த்தால் எல்லைக்குள் 820 இறாத்தல் மிச்சம் இருக்கின்றது. ஆனால் பின் அச்சு அதன் எல்லையை 300 இறாத்தலால் மீறிவிட்டது. முன் அச்சோ மொத்தப் பாரத்தில் 28 சதவீதத்தைக்கூடச் சுமக்கவில்லை. திசையைத் தீர்மானிக்கும் சில்லுகள் நிலத்தை அழுத்திப் பிடிக்கவில்லை என்பது இதன் பொருள்.

இதைப் புரிந்துகொள்ள யாழ்ப்பாணத்தவருக்குப் பொறியியல் படிப்பு வேண்டியதில்லை. எரிபொருள் தடை இருந்த தொண்ணூறுகளில் சைக்கிளே எங்கள் லொறி. விறகும் அரிசி மூடையும் நோயாளியும் அதில்தான் போனார்கள். பின் கரியரில், சில்லின் நடுவுக்குப் பின்னால் தள்ளி மூடையைக் கட்டினால் என்ன நடக்கும்? முன்சில்லு இலேசாகி அலையும். மேட்டில் ஏறினால் கிளம்பும். மூடையைச் சற்று முன்னே தள்ளிக் கட்டினால் அதே சைக்கிள், அதே பாரம், நேராகப் போகும். அதே விதிதான் இங்கும். முன், பின் அச்சுகளுக்கிடையில் 5 மீற்றர் தூரம் உள்ள வாகனத்தில், பின் அச்சுக்கு 2 மீற்றர் பின்னால் 200 கிலோகிராம் ஏற்றுங்கள். பின் அச்சில் 200 அல்ல, 280 கிலோகிராம் கூடும். முன் அச்சிலிருந்து 80 கிலோகிராம் கழியும். ஏற்றியவர் அறியாமலே முன்சில்லுகளைத் தூக்கிவிட்டிருப்பார்.

நாங்கள் ஏற்றியிருந்தவை பின்வருமாறு. பின்படுக்கையின் கீழிருந்த தாங்கி நிறைய, 150 லீற்றர் தண்ணீர். அது மட்டுமே 330 இறாத்தல். கடைசிப் பெட்டியில் ஆயுதப்பெட்டி, மடக்குக் கதிரைகள், இறைச்சி சுடும் அடுப்பு, மனைவி கொழும்பிலிருந்து சுமந்துவந்த மிளகாய்த்தூளும் பிறவும். முகாமிடும் இடங்களிலெல்லாம் தண்ணீர்க் குழாய் இருக்கின்றது. தாங்கியை நிரப்பிக்கொண்டு ஓடவேண்டிய தேவையே இல்லை. தண்ணீரைத் திறந்துவிட்டோம். கடைசிப் பெட்டியிலிருந்து 250 இறாத்தல் பொருளை இறக்கினோம். அதில் 100 இறாத்தலை வாகனத்தின் நடுப்பகுதியில், மேசையின் கீழ் வைத்தோம். மீதியைத் தெரிந்தவர் ஒருவரின் கராஜில் விட்டோம். மீண்டும் நிறுத்தபோது முன்னே 4,010, பின்னே 9,190 இறாத்தல். ஒரு டொலர் செலவில்லாமல் முன்சில்லுகளுக்கு 230 இறாத்தல் அழுத்தம் திரும்பக் கிடைத்துவிட்டது.

அடுத்தது காற்று. ஆறு ரயர்களிலும் 80 இறாத்தல் காற்று இருந்தது. ரயரின் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருக்கின்றது என்றார் மைத்துனர். பக்கத்தில் எழுதியிருப்பது, அந்த ரயர் தன் உச்சப் பாரத்தைச் சுமக்கத் தேவையான காற்று. உங்கள் வாகனத்துக்கு உரியது கதவு நிலையில் உள்ள தகட்டிலும், உங்கள் எடைக்கு உரியது ரயர் தயாரிப்பாளர் வெளியிடும் பார அட்டவணையிலும் இருக்கும். இவருடைய ரயர் அளவுக்கு, ஒற்றையாகப் பூட்டும்போது, 80 இறாத்தல் காற்றில் ஒரு ரயர் 2,680 இறாத்தல் சுமக்கும். 50 இல் 1,940. முன்சில்லு ஒன்றின் மேல் இருந்ததோ ஏறக்குறைய 2,000 இறாத்தல்தான். தேவைக்கு மிக அதிகமாகக் காற்றடித்த ரயர் கல்லுப் போல் விறைத்து, நடுப்பகுதியால் மட்டும் வீதியைத் தொடும். வீதியின் ஒவ்வொரு பள்ளமும் வரியும் அதைத் திருப்பும். பாதுகாப்புக்கு ஒரு மிகுதி வைத்து முன்னே 65 ஆகக் குறைத்தோம். பின்னே குறைக்கவில்லை. சோடியாகப் பூட்டும்போது அதே ரயர் 80 இறாத்தல் காற்றில் 2,470 மட்டுமே சுமக்கும். நான்குக்கும் 9,880. நாங்கள் ரொறன்ரோவிலிருந்து 9,900 ஐ ஏற்றிக்கொண்டு வந்திருந்தோம். அதை வாசித்தபோது என் மனைவி எடைச்சீட்டை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ரயரில் இன்னுமொரு எழுத்தும் உண்டு. தயாரிப்பு இலக்கத்தின் கடைசி நான்கு எண்கள். இவருடையதில் 2311 என்று இருந்தது: 2011 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். பட்டி தேயாமல் புதிது போலவே தோன்றிய அந்த ரயர்களுக்கு வயது ஏழு. ஓட்டத்தை விட நிறுத்தம் அதிகமான வாகனங்களில் ரயர் தேய்ந்து சாவதில்லை. வெயிலில் வயதாகிச் சாகின்றது.

மூன்றாவதாக, லொறிகள் திருத்தும் ஒரு பழைய இடத்தில் வாகனத்தைக் காட்டினோம். அங்கிருந்த மெக்கானிக் முதலில் செய்த காரியம், அந்த விலையுயர்ந்த தணிப்பானைக் கழற்றி ஓரமாக வைத்தது. பின்னர் இயந்திரத்தை ஓடவிட்டு, சுக்கானை இரு பக்கமும் சிறிது சிறிதாக ஆட்டும்படி மைத்துனரிடம் சொல்லிவிட்டு, அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டையும் கையால் தொட்டுப் பார்த்தார். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். இடப்பக்க டை ரொட் மூட்டு, தண்டு அசைந்த பின்னர் சற்றுத் தாமதித்தே அசைந்தது. மைத்துனர் சுக்கானைத் திருப்பியும் வாகனம் "ஒரு கணம் எதுவும் செய்யாத" அந்த ஒரு கணம் அங்கேதான் ஒளிந்திருந்தது. அந்த மூட்டு கழன்றால் சுக்கானுக்கும் அந்தச் சில்லுக்கும் தொடர்பே இல்லை. எதிரே மரக்குற்றி லொறி வந்தபோது எங்கள் ஏழு பேரின் உயிரும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இங்கேதான் என் கோபம் தொடங்குகின்றது. தணிப்பான் கெட்ட பொருள் அல்ல. முன் ரயர் வெடித்தால் சுக்கான் கையை முறுக்காமல் பிடிக்க அது உதவும். ஆனால் தேய்ந்த மூட்டை உடைய வாகனத்தில் அதைப் பூட்டுவது, காய்ச்சல்காரனுக்குப் பனடோலைக் கொடுத்து, "சுகமாகிவிட்டது, ஓடு" என்று அனுப்புவதற்குச் சமம். ஆட்டம் குறைந்ததனால் மைத்துனர் தைரியம் கொண்டார். அந்தத் தைரியத்தில் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு 900 கிலோமீற்றர் ஓடினார். பழுதை மறைப்பது பழுதை விட்டுவைப்பதிலும் பெரிய குற்றம் என்பது என் கருத்து.

மூட்டை மாற்றிய பின்னர் சில்லுகளின் கோணங்களை அளந்தார்கள், வாகனம் பாரத்தோடு நிற்கும்போதே. இது முக்கியம். சட்டகம் ஓரிடத்தில் தயாராகின்றது. வீடு வேறோரிடத்தில் அதன் மேல் ஏறுகின்றது. வீட்டுக்காரர் தம் பொருட்களைக் கடைசியில் ஏற்றுகின்றார். ஒவ்வொரு பாரமும் கோணத்தை மாற்றும். வெறும் வாகனத்தில் அளந்த கணக்கு, நிறைந்த வாகனத்துக்குப் பொருந்தாது. இவருடையதில் முன்சில்லுகள் சற்றே வெளிப்புறம் பார்த்துக்கொண்டிருந்தன. அப்படி இருந்தால் ஒவ்வொரு சில்லும் தன் தன் பக்கம் போக முயலும். அவற்றை மிகச் சிறிதளவு உட்புறம் பார்க்கவைத்தார்கள். அடுத்து காஸ்டர் என்ற கோணம். சைக்கிளின் முன் கவர் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். நாம் இளவயதில் இரு கைகளையும் விட்டு ஓடிச் சாகசம் காட்டியதில் அந்தச் சாய்வுக்கும் பெரும் பங்கு உண்டு. வளைவு முடிந்ததும் சில்லு தானாக நேருக்கு வருவது அதனால்தான். இவருடைய வாகனத்தில் அது 2 பாகைக்குக் கிட்ட இருந்தது. 5 பாகை அளவுக்கு உயர்த்தினார்கள்.

சுக்கான் பெட்டியின் மேல் ஒரு திருகாணி உண்டு. அதை இறுக்கினால் தளர்வு போய்விடும் என்று பலர் சொல்வார்கள். மெக்கானிக் அதைத் தொடவில்லை. தளர்வு வேறிடத்தில் இருக்கையில் அதை இறுக்கினால், வளைவிலிருந்து சுக்கான் தானாகத் திரும்பி வரும் இயல்பும் கெட்டுவிடும் என்று விளக்கினார். பின் அச்சு உடலுக்குக் கீழே பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் ஒரு குறுக்குத் தண்டைப் பூட்டலாம். உருளலைத் தடுக்கும் தண்டின் தேய்ந்த இறப்பர்களை மாற்றலாம். அதிர்ச்சி தாங்கிகளைப் புதுப்பிக்கலாம் என்றும் சொன்னார். "ஆனால் முதலில் இப்படியே ஓடிப் பாருங்கள். பிறகும் தேவைப்பட்டால் வாங்குங்கள்" என்றார். பொருள் விற்பவர் ஒருவர் வாங்கவேண்டாம் என்று சொன்னதை நான் கேட்ட அபூர்வமான சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று.

முன் ரயர் இரண்டையும் மாற்றிக்கொண்டு மறுநாள் அதே பாதையில் சென்றோம். அதே ஏரி, அதே காற்று. மைத்துனர் நெடுநேரம் பேசாமல் ஓட்டினார். "அத்தான், நான் இவ்வளவு நாளும் ஓடேல்லை. மல்லுக்கட்டிக்கொண்டு இருந்திருக்கிறன்" என்றார் பின்னர்.

எல்லாம் தீர்ந்தது என்று பொய் சொல்லமாட்டேன். 9 மீற்றர் நீளமும் 3 மீற்றருக்கு மேல் உயரமும் கொண்ட ஒரு சுவரை வீதியில் உருட்டிக்கொண்டு போகின்றோம். பக்கக் காற்று அடித்தால் அது அசையத்தான் செய்யும். அதற்கு மருந்து வேகத்தைக் குறைப்பதும், காற்று மிகுந்தால் நிறுத்துவதும்தான். சாரதிக்கும் ஒரு பங்கு உண்டு. பயந்தவன் வாகனத்தின் மூக்கையே பார்ப்பான், ஒவ்வொரு அசைவையும் திருத்துவான், திருத்தியதைத் திருத்துவான். தூரத்தே பார்த்து ஓட்டுபவனுக்குப் பாதி அசைவு தானாக அடங்கிவிடும். ஆனால் வாகனத்தில் உள்ள பழுதுகளை நீக்காமல் சாரதிக்குப் புத்தி சொல்வது நியாயமன்று.

ஒன்ராறியோவில் சிறிய கார் ஓட்டுவதற்கான சாதாரண ஜி வகுப்பு அனுமதிப்பத்திரத்தைக் கொண்டே 11,000 கிலோகிராம் வரையான மோட்டார் ஹோமை ஓட்டலாம். அந்த உரிமையை எவரிடமிருந்தும் பறிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்களும் குடும்பஸ்தர்களும் வாழ்நாள் ஆசையாக வாங்குவது இது. நான் கேட்பது ஒன்றே. இத்தகைய வாகனத்தை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும், திறப்பைக் கொடுக்கும்போது முன் அச்சு, பின் அச்சு எடைச்சீட்டையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். குளிர்சாதனப் பெட்டியையும் தொலைக்காட்சியையும் இயக்கிக் காட்ட ஒரு மணி நேரம் செலவிடுபவர்களுக்கு, எடைமேடையில் பத்து நிமிடம் நிறுத்துவது பாரமான காரியமா? அதுவரை இந்த வாகனங்களை வைத்திருக்கும் அன்பர்கள், எதையும் வாங்குமுன் இந்த ஒழுங்கில் பாருங்கள்: எடை, காற்று, ரயரின் வயது, மூட்டுகள், கோணங்கள். பூட்டும் பொருட்கள் இவற்றுக்கெல்லாம் பிறகு. முதல் மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு ஒரு நேர ஹோட்டல் சாப்பாட்டுக்கு மேல் வராது.

எங்கள் ஊர் வீதிகளை நினைக்கும்போது மனம் மேலும் கனக்கின்றது. கூரையிலும் பின்புறத்திலும் பொதி ஏற்றிய பஸ்கள், அளவுக்கு மீறிய பாரத்தோடு அலைந்து போகும் லொறிகள். "வேகக் கட்டுப்பாட்டை இழந்து" என்று நான் எழுதிய அத்தனை செய்திகளிலும் குற்றவாளியாக நின்றவர் சாரதி ஒருவரே. அவர்களில் எத்தனை பேர், திருப்பிய சுக்கானுக்குச் சில்லு பதில் சொல்லாத அந்த ஒரு கணத்தில் அகப்பட்டவர்களோ? இறந்துபோன சாரதியின் மனைவி பத்திரிகையை விரித்து, தன் கணவனே காரணம் என்று வாசித்திருப்பாள். அவளிடம் நான் இனி மன்னிப்புக் கேட்கமுடியாது.

இன்று செய்தி மேசையில் இருக்கும் இளைய தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பொலிஸ் நிலையத்திலிருந்து அந்த வாக்கியம் வரும்போது, தொலைபேசியை வைக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பாரம் எவ்வளவு, எங்கே ஏற்றப்பட்டிருந்தது? ரயரின் வயது என்ன? சுக்கான் மூட்டுகளை எவராவது பரிசோதித்தார்களா? பதில் கிடைக்காவிட்டால், பதில் கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள். நான் அதைக்கூட எழுதவில்லை.